சம்பும் ஏரியும்



ஆவடி இருப்புப்பாதையிலோ பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையிலோ நாள்தோறும் கல்லூரிக்குச் சென்று வரும் நீங்கள், ஏரியோரங்களில் ஆள் உயரத்திற்கு மேல் ஓங்கி வளர்ந்த ஒரு வகைப் புல்லைக் கண்டிருப்பீர்கள். தடித்த சுருட்டு ஒன்றைக் கம்பியின் முனையில் செருகி வைத்தாற்போல் அதன் உச்சியில் பழுப்பு நிறக் கதிர் ஒன்று நிற்கும். அதற்குச் சம்பு என்று பெயர். ஆனைக்கோரை என்பாரும் உளர். நீரோரத்தில் வாழும் கோழியினப் பறவைக்குச் சம்பங்கோழி என்ற பெயர் வாய்த்ததும் இப்புல்லின் உறவினாலேயே என்பது என் கருத்து. அந்தப் பறவை கூடு கட்டுவதும் பகைவர்க்கு ஒளிந்து வாழ்வதும் இப்புதர்களுக்குள்ளே அன்றோ!

பெயரில் கோரை என்று வந்தாலும் சம்பு கோரையினத்தைச் சேர்ந்ததன்று. பாய் முடையும் கோரையின் தண்டை உருட்டிப் பாருங்கள். பலவற்றில் மூன்று பட்டைகள் விரலுக்குத் தட்டுப்படும். சம்பின் இலையோ நீண்ட பட்டையாக, உள்ளே காற்றறைகள் நிறைந்து பஞ்சு போல் மெத்தென்றிருக்கும். இந்தக் காற்றறைகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இவை நமக்குத் தேவைப்படும்.

நம் பகுதி மக்கள் செடிகொடிகளின் மேல் எத்துணை அன்பு கொண்டிருந்தனர் என்பதற்கு ஊர்ப்பெயர்களே சான்று. முல்லைக்குத் திருமுல்லைவாயில், வேல மரத்திற்குத் திருவேற்காடு, பருத்திக்குப் பருத்திப்பட்டு. சம்பின் பெயர் தாங்கிய ஊர் இச்சுற்று வட்டாரத்தில் எனக்குத் தெரிந்தவரை இல்லை. பயன் தரும் எளிய பொருள்களுக்குப் பெயரும் புகழும் கிட்டுவது அரிது போலும்.

ஆனால் மனிதனுடன் சம்பு கொண்ட உறவு உழவுத் தொழிலினும் மிகப் பழமையானது. இத்தாலி நாட்டில் பிளாரன்ஸ் நகருக்கு வடக்கே பிலாஞ்சினோ என்னும் இடத்தில் அகழ்ந்தெடுக்கப்பட்ட அரைகல் ஒன்றில், ஒட்டியிருந்த மாவின் நுண்மணிகளை ஆராய்ந்தார்கள். அவற்றில் சம்பின் கிழங்கு மாவும் இருந்ததென 2007-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். அக்கல்லின் வயது ஏறத்தாழ 30,000 ஆண்டுகள். நெல்லும் கோதுமையும் பயிரிடப்படுவதற்கு நெடுங்காலம் முன்பே சம்பை இடித்து மாவாக்கி உண்ட மக்கள் இருந்தனர் என்பது இதனால் விளங்கும். சிந்து நாட்டில் சம்பின் மகரந்தத்தைத் திரட்டி உணவாக்கி உண்டார்கள். நியூசிலாந்தின் மாவோரி மக்களும் அவ்வாறே செய்தார்கள். கடல்கள் பிரித்த இரு மக்கள் ஒரே மஞ்சள் பொடியில் அப்பம் சுட்டது வியப்பன்றோ! 1776-இல் சென்னைக்கு வந்து, பின்னர் கல்கத்தா தாவரத் தோட்டத்தின் தலைமையை ஏற்ற ராக்ஸ்பரோ, இவ்வினத்துள் ஒன்றிற்கு யானையின் பெயரையே இட்டார். ஆனைக்கோரை என்னும் நம் பெயருடன் அது ஒத்திருப்பதைக் காண்க.

அது நிற்க. நம் ஏரிகளுக்கு வருவோம்.

தொண்டை மண்டலம் ஏரிகளின் நாடு. வற்றாத ஆறு இல்லாத நிலத்தில் ஐப்பசி, கார்த்திகை மழையைத் தேக்கி ஆண்டு முழுவதும் வாழ வேண்டியிருந்தது. உத்தரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் ஏரி வாரியம் என்னும் ஊர்க்குழுவைக் குறிப்பிடுகின்றன. எட்டு நூற்றாண்டுகளுக்குப் பின், 1767 முதல் 1774 வரை செங்கற்பட்டுப் பகுதியை அளந்த பார்னார்டு என்னும் ஆங்கிலேயர் திரட்டிய கணக்குகளிலும், விளைச்சலிலிருந்து ஊர்ப்பணிகளுக்கென ஒதுக்கிய பங்குகளுள் ஏரிக்குரிய பங்கும் காணப்படுகிறது. ஏரியைக் காப்பது யாரோ ஒருவர் கடமையாக இராமல், கணக்கில் ஏறிய செலவாக இருந்தது என்பதே இதில் நாம் காண வேண்டியது.

அக்காலத்து ஏரி கோடையில் வற்றும். சித்திரை, வைகாசியில் தரை வெடித்துக் கிடக்கும். கூரைக்கும் தட்டிக்கும் பாய்க்கும் வேண்டிய சம்பை அறுப்பதற்கு அதுவே ஏற்ற காலம். வண்டல் மண்ணை வயலுக்கு அள்ளுவதற்கும் அதுவே காலம். அறுத்த அடித்தாளின் மேல் அடுத்த மழையின் நீர் ஏறி நிற்கும். இங்கேதான் நான் சொன்ன காற்றறைகள் வருகின்றன. சேற்றுக்குள் புதைந்த கிழங்கிற்கு மூச்சுக்காற்று இலைவழியே, தாள்வழியே செல்கிறது. தாள் நீருக்குள் மூழ்கிவிட்டால் அந்த வழி அடைபட்டுக் கிழங்கு அழுகிவிடும். ஆகவே வறட்சியும் அரிவாளும் வெள்ளமும் சேர்ந்து சம்பை ஓரத்திலேயே நிறுத்தி வைத்தன. அழிக்கவுமில்லை, பரவ விடவுமில்லை.

இந்த ஒழுங்கு இருபதாம் நூற்றாண்டின் நடுவில் குலைந்தது. 1955-இல் ஆவடியில் காங்கிரசு மாநாடு கூடிச் சோசலிச பாணிச் சமுதாயம் என்னும் குறிக்கோளை அறிவித்தது. அடுத்த பத்தாண்டுகளுக்குள் ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் எழுந்தன. ஆயிரமாயிரம் குடும்பங்களுக்குச் சோறிட்ட அவ்வளர்ச்சியை நான் குறை கூறவில்லை. ஆனால் வயல்கள் மனைகளாயின. ஏரிப் பாசனம் தேவையற்றதாயிற்று. வயல் இல்லாத ஊருக்கு ஏரி வெறும் பள்ளமாயிற்று. கழிவுநீர் அப்பள்ளத்தைத் தேடி ஓடிவந்தது. கோடையிலும் வற்றாத நீர், அந்நீரில் கரைந்த தழைச்சத்து, மணிச்சத்து! சம்பிற்கு இதனினும் வேறு என்ன வேண்டும்? ஓரத்துப் புல் நடு ஏரிக்கு நடந்து வந்தது.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. ஆப்பிரிக்காவில் செனகல் ஆற்றின் முகத்துவாரத்தருகே 1986-இல் தியாமா அணை கட்டி முடிந்தபின், கடலின் உப்புநீர் உள்ளே ஏறுவது நின்று, ஆண்டு முழுதும் நன்னீர் தேங்கியது. சம்பு வாய்க்கால்களை அடைத்துக்கொண்டது. அந்நாட்டார் பின்னர் அதனை அறுத்துக் கரியாக்கி அடுப்பெரிக்கவும், கட்டடப் பலகை செய்யவும் முயன்று வருகின்றனர்.

நோய்க்கு அறிகுறியாகிய அதே புல் மருந்தும் ஆகும். 1952-ஆம் ஆண்டளவில் ஜெர்மனியில் கேத்தே சைடல் என்னும் பெண்மணி, நீர்ச்செடிகளைக் கொண்டு அழுக்கு நீரைத் தூய்மை செய்யும் ஆய்வைத் தொடங்கினார். அவர் முதலில் எடுத்துக்கொண்டது ஒரு கோரை. பிற்காலத்தில் நாணலும் சம்பும் உலகெங்கும் இப்பணிக்கு அமர்த்தப்பட்டன. வேர் வழியே கசியும் உயிர்வளியால் சேற்றில் நுண்ணுயிர்கள் பெருகி அழுக்கைச் சிதைக்கின்றன. புல் சத்துக்களை உறிஞ்சி இலையாக்கிக் கொள்கிறது. இதில் ஒரு கணக்கு உண்டு. அறுத்து வெளியே கொண்டுபோனால் அந்த இலையிலுள்ள சத்து ஏரியை விட்டு நீங்கும். அறுக்காமல் விட்டால் இலை மடிந்து விழுந்து, உண்டதையெல்லாம் நீருக்கே திருப்பித் தந்துவிடும், ஏரியும் மேடாகும். பருத்திப்பட்டு ஏரி சீர்செய்யப்பட்டு 2019-இல் பூங்காவோடு திறக்கப்பட்டது. அதுபோன்ற பணிகளை நான் மனமார வரவேற்கிறேன். எனினும் திறப்பு விழாவிற்குக் கூடும் கூட்டம் அறுவடைக்குக் கூடுவதில்லை. அன்றைய ஏரிப்பங்கிற்கு இன்றைய கணக்கில் நிகரான வரி எது என்பதைப் பொருளாதாரம் பயிலும் மாணவர்கள் ஆராய்ந்தால் நன்று.

ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டும். கழிவைப் பிடித்து வைக்கும் புல், தொழிற்சாலைக் கழிவிலுள்ள ஈயம் போன்ற உலோகங்களையும் வேரில் பிடித்து வைக்கும். ஆகையால் பிலாஞ்சினோ மக்கள் உண்டார்கள் என்று கொரட்டூர் ஏரிக் கிழங்கை யாரும் வேகவைத்துவிடாதீர்கள். மாட்டுக்கும் அதைப் போட வேண்டா.

வீட்டுத் தோட்டத்தில் வளர்க்க விரும்புவோர்க்கு இது எளிய செடியே. என் வீட்டுக் கொல்லையில் சிறு குளம் ஒன்றில் வளர்த்து வருகிறேன். முளையுள்ள கிழங்குத் துண்டு ஒன்றைக் களிமண் நிறைந்த அகன்ற சிமெண்டுத் தொட்டியில் நட்டு, தொட்டியோடு குளத்தில் இறக்க வேண்டும்; மண்ணின் மேல் ஒரு சாணுக்கு மிகாமல் நீர் நின்றால் போதும். தொட்டியின்றி நேரே நட்டால் கிழங்கு குளம் முழுதும் ஓடும். அடியில் விரித்த தார்ப்பாயையும் துளைக்கும். ஒரு கதிரில் விதைகள் இலட்சக் கணக்கில் உண்டு; அவை பஞ்சோடு பறந்து அயலார் கிணற்றடியிலும் முளைக்கும். ஆதலால் கதிர் பழுத்து வெடிக்கும் முன்பே கொய்துவிடுக. இரண்டாம் உலகப் போரின்போது சாவகத்து இலவம்பஞ்சு வரவு நின்றுபோக, அமெரிக்கர் இந்தச் சம்பம்பஞ்சை மிதவைச் சட்டைகளில் அடைத்தனர். நீங்கள் ஒரு தலையணைக்கு அடைத்துப் பார்க்கலாம். கொசு முட்டையிடாதிருக்கக் குளத்தில் மீன் விடுவது கட்டாயம்.

இலையைப் பங்குனியில், அடித்தாள் நீருக்கு மேலே ஒரு சாண் நிற்குமாறு அறுக்க வேண்டும். முழுதும் ஒரே நாளில் அறுக்காமல் பாதியை அடுத்த மாதத்திற்கு விட்டு வைப்பது நலம். சம்பங்கோழி வந்திருந்தால் அதற்கும் மறைவிடம் இருக்கும். அறுத்ததை நிழலில் பத்து நாள் உலர்த்தி, முடையும் முன் ஈரத்துணியில் ஓரிரவு சுற்றி வைத்தால் இலை ஒடியாமல் வளைந்து கொடுக்கும்.