மியூசிக் அகாதெமி ஆய்விதழ்

சென்னை மியூசிக் அகாதெமி வெளியிடும் இசை, நடன ஆய்விதழ். 1927இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டையொட்டி நடந்த இசை மாநாட்டின் விளைவாக 1928இல் அகாதெமி பிறந்தது. இதழ் 1930இல் காலாண்டிதழாகத் தொடங்கிப் பின்னர் ஆண்டிதழானது. சமஸ்கிருத அறிஞர் வே. ராகவன் நெடுங்காலம் இதன் ஆசிரியர் பொறுப்பில் இருந்தார். கட்டுரைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் அமைந்தவை.

அகாதெமி ஆண்டுதோறும் டிசம்பரில் நடத்தும் மாநாட்டின் காலை அமர்வுகளில் வித்வான்கள் ஒரு ராகத்தை எடுத்துக்கொண்டு ஆரோகண அவரோகணம் (ஏறு, இறங்கு வரிசை), ஜீவஸ்வரம் (ராகத்துக்கு உயிரூட்டும் ஸ்வரம்), சஞ்சாரங்கள் (ராகத்துக்குரிய ஸ்வரக்கோவைகள்) குறித்து விவாதிப்பார்கள். பாடிக்காட்டியே வழக்கைத் தீர்த்ததும் உண்டு. கருத்து வேறுபாடுகளுடன் அவ்விவாதங்களின் சுருக்கம் இதழில் அச்சேறியது. ஆய்வாளருக்கு மிகவும் பயன்படுவது இப்பகுதியே. அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது பெறுவோர் மாநாட்டில் ஆற்றும் தலைமையுரைகளும் இதழில் இடம்பெறுகின்றன. அவ்விருதை 1973இல் பெற்ற முதல் நடனக் கலைஞர் டி. பாலசரஸ்வதி.