கார்ட்டூன் ராமாயணமும் ராம் மோகனும்

தூத்துக்குடியில சின்ன வயசுல, மொழி புரியாமலேயே டிவியில பார்த்த கார்ட்டூன் ராமாயணம் ஞாபகம் இருக்கா மக்களே? ஜப்பான்காரங்க படம்னுதான் ரொம்ப நாள் நெனச்சுக்கிட்டிருந்தேன். அந்தப் படத்தை யூகோ சாகோவோட சேர்ந்து இயக்கியவர்களில் ஒருவர் நம்ம நாட்டு ராம் மோகன்!

1956ல ஃபிலிம்ஸ் டிவிஷன் கார்ட்டூன் பிரிவுல சேர்ந்து, டிஸ்னியிலிருந்து வந்த கிளேர் வீக்ஸ்கிட்ட தொழில் கத்துக்கிட்டவர். 1972ல சொந்தக் கம்பெனி. 1977ல சத்யஜித் ராயின் 'சத்ரஞ்ச் கே கிலாடி'க்குக் கார்ட்டூன் காட்சி. 90கள்ல யுனிசெஃபுக்காக 'மீனா'. மூணு வருஷத்துக்கொரு கம்பெனி மாத்தற எனக்கு, ஒரே தொழில்ல அரை நூற்றாண்டுன்னா மலைப்பாத்தான் இருக்கு.

2014ல பத்மஸ்ரீ. 2019ல காலமானார். 2025 ஜனவரியில அதே ராமாயணம் தமிழ் பேசிக்கிட்டு தியேட்டருக்கு வந்தப்போ, பார்க்க அவர் இல்ல. அனுமான் பறந்தது நம்ம எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. பறக்க வெச்சவர் பேரும் இருக்கட்டுமேன்னுதான் இந்தப் பதிவு.