நாதஸ்வரம் நின்ற பிறகும் தவில்

எங்கட அக்குறணைக்கு ஊடாகப் போகும் ஏ9 வீதி யாழ்ப்பாணத்தில் போய் முடிகிறது. அதே வீதியால் மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் தேர் பார்க்கப் போன அன்றுதான் தவிலைக் கிட்ட நின்று கேட்டோம். கூட வந்த ஒருத்தன் கேட்டான்: "நாதஸ்வரக்காரர் நிப்பாட்டின பிறகும் இவர் என்னத்துக்கு மச்சான் அடிச்சுக்கொண்டே இருக்கார்?"

கேள்வி சின்னது. பதில் தேடினால் ஒரு வரலாறே வருகிறது.

வாய்ப்பாட்டு, வயலின் கச்சேரிகளில் ராக ஆலாபனை நடக்கும்போது மிருதங்கம் சும்மா இருக்கும். நாதஸ்வரக் கச்சேரி அப்படியில்லை. ஆலாபனையில் ஒரு பகுதியை வாசித்துவிட்டு நாதஸ்வரக்காரர் நிறுத்த, அந்த இடைவெளியைத் தவில் எடுத்துக்கொள்ளும். நாதஸ்வரம் ஊதுவது லேசான வேலையல்ல. அவர் மூச்சு வாங்கி, அடுத்துப் பிடிக்க வேண்டியதை யோசிக்கும் வரைக்கும் கச்சேரியைத் தாங்கி நிற்பவர் தவில்காரர்தான். வலது கை விரல்களில் கூடு, இடது கையில் கழி, தோளில் வாரோடு தொங்கும் பாரம். ஊர்வலம் என்றால் இத்தனையோடும் நடக்கவும் வேண்டும். ஆனா நாங்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'பக்கவாத்தியம்'.

அந்தப் 'பக்கத்தை' நடுவுக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி. 1933 இல் தவில்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். தமிழ்நாடு போய் நாச்சியார்கோயில் ராகவபிள்ளையிடம் கற்றார். பிறகு அங்குள்ள பெரிய நாதஸ்வர வித்துவான்களே அவரைத் தேடி அழைத்தார்கள். தவிலைக் கேட்பதற்கென்றே சனம் கச்சேரிக்கு வந்தது. 1975 இல், 42 வயது ஆகுமுன்னே காலமானார். அம்ஷன் குமார் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படத்துக்கு இந்தியாவின் தேசிய விருது கிடைத்தது.

அவர் தவில் வாசித்தவர்களில் ஷேக் சின்ன மௌலானாவும் ஒருவர். ஆந்திராவின் கரவதியில், தலைமுறைகளாக நாதஸ்வரம் வாசித்த முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். தஞ்சாவூர்ப் பாணியைக் கற்க அவரும் நாச்சியார்கோயிலுக்கே வந்தார். பின்னர் ஸ்ரீரங்கத்தில் குடியேறினார். 1998 இல் சங்கீத கலாநிதி விருது பெற்றார். இலங்கையிலும் அவருக்கு ரசிகர்கள் நிறைய.

ஒருவர் கடல் தாண்டிப் போன யாழ்ப்பாணத்தார். மற்றவர் ஆந்திர முஸ்லிம். இருவரும் தமிழ்நாட்டு மேடையில் ஒன்றாக நின்றார்கள். மௌலானா மூச்சு வாங்கிய நேரங்களில் ராகம் அறுந்துபோகாமல் பார்த்துக்கொண்டது தெட்சணாமூர்த்தியின் கை.

எங்கட ஊரில் தவில் சத்தம் கேட்டால் "அது நம்மடது இல்ல" என்றுதான் சொல்வோம். கோயில் அவர்களுடையது, சரி. அதற்காக இந்தக் கலையின் வரலாற்றில் எங்களுக்கு எந்தச் சொந்தமும் இல்லை என்று ஆகிவிடுமா? சின்ன மௌலானாவின் பெயரைக்கூடப் பள்ளிக்கூட நாட்களில் நாங்கள் கேள்விப்படவில்லை. கம்பஸ் வந்த பிறகுதான் தெரிந்தது.

இன்னொன்றும் உண்டு. இந்த வரலாற்றைச் சொல்பவர்கள் நாதஸ்வரக்காரரின் பெயரைச் சொல்லிவிட்டு, "தவில் துணையுடன்" என்று முடித்துவிடுவார்கள். அடுத்த முறை பழைய ஒலிப்பதிவு ஒன்றைக் கேட்கும்போது நாதஸ்வரம் நிற்கும் இடத்தில் நீங்களும் நின்று கேளுங்க. பிறகு, தவில் யார் என்று தேடிப் பாருங்க.