உருப்பெருக்கிக்கு ஒரு விளக்கு

பாரிஸ் புறநகர்ச் சந்தையொன்றில் 15 யூரோவுக்கு வாங்கிய உருப்பெருக்கியில் குமிழ் மட்டும் இல்லை. தேடிக் களைத்த பிறகே விளக்கை நாமே செய்வதென்று முடிவெடுத்தோம். கோப்பை கழுவி முடித்து, இரவு பதினொன்றுக்குப் பின் றெஸ்ரோரன்ற் நிலவறையில் நடந்த வேலை இது.

இந்தக் கருவியின் சரித்திரமே வெளிச்சத்துக்கு அலைந்த சரித்திரந்தான். 1857இல் பால்ரிமோர் ஓவியர் டேவிட் வூட்வேர்ட் காப்புரிமை பெற்ற பெட்டி சூரியனை நம்பியிருந்தது. சூரியன் நகர நகரப் பெட்டியையும் திருப்பவேண்டும். மேகம் மூடினால் வேலை நின்றது. பின்னர் மின்குமிழ் வந்தது, கூடவே வெக்கையும் வந்தது. சூட்டில் நெகற்றிவ் வளைந்து படம் மங்கும்.

1962இல் நிக் ஹொலொன்யாக் சிவப்பு எல்.ஈ.டி.யைச் செய்தார். ஆனால் கறுப்பு வெள்ளைப் படத்தாளுக்குச் சிவப்புத் தெரியாது. இருட்டறையில் சிவப்பு விளக்கு எரிவதும் அதனால்தான். ஆக, அந்த விளக்கு எமது பெட்டிக்கு வெளியே காவலிருக்கத்தான் உதவும். 1993இல் ஜப்பானில் சூஜி நகமுரா பிரகாசமான நீலத்தைக் கொண்டுவந்தார். 2014இல் அகசாகி, அமனோ ஆகியோருடன் நோபல் பரிசும் பெற்றார். இல்ஃபோர்ட் 1940இல் அறிமுகப்படுத்திய மல்ரிகிரேட் வகைத் தாள், நீல ஒளியில் கருமையையும் வெண்மையையும் அழுத்திக் காட்டும், பச்சையில் மென்மையாக்கும். இரண்டும் கையிலிருந்தால் போதும்.

எமது பௌதிகப் படிப்பு இரண்டாம் வருடத்தோடு நின்றது; மிச்சத்தை நிலவறையில் படித்தோம். பழைய கொம்பியூட்டரின் அலுமினியக் கட்டியில் நீலமும் பச்சையுமாக ஒட்டி, தனித்தனியே கூட்டிக் குறைக்கத் திருகுகள் வைத்தோம். ஒளியைப் பரப்ப மயோனைஸ் வாளியின் வெள்ளை மூடி. முதற் படத்தில் ஒவ்வொரு விளக்கும் புள்ளியாக விழுந்திருந்தது. மூடியை மூன்று விரற்கடை தள்ளிவைத்ததும் சரியாயிற்று.

இவ்வளவு பாடும் ஒரு நெகற்றிவுக்காக. 1994இல் ஊர் முற்றத்தில் எடுத்தது. 1995 இடப்பெயர்வில் படங்களெல்லாம் வீட்டோடு போக, இது மட்டும் அம்மாவின் பையில் வந்தது. எம்மில் ஒருவரின் அண்ணா அதில் சைக்கிளோடு நிற்கிறார், ஒன்பது வயதில். 2009 மே மாதத்துக்குப் பின் அவரைக் கண்டவரில்லை. தெருவோரப் பந்தலில் பிடித்திருக்க அம்மாவிடம் உள்ளது அடையாள அட்டைப் படந்தான். சிரிக்கிற படமொன்று வேணும் என்றா.

நெகற்றிவ் மிகவும் மெலிந்தது. பச்சையை முற்றாக அணைத்து நீலத்தில் அடித்தோம். தட்டில் முதலில் சைக்கிள் வந்தது, பிறகு தலைமயிர், பிறகு முகம். சிரித்துக்கொண்டுதான் நின்றார். வெள்ளைச் சேட்டு மட்டும் தாளோடு தாளாய்ப் போயிருந்தது. கொஞ்சம் பச்சை சேர்த்து இன்னொன்று அடித்தோம்.