தேமலும் குஷ்டமும்: தோலுக்குப் பெயரிடும் அதிகாரம்

வைகை பிறந்து இறங்கும் வருசநாட்டுப் பள்ளத்தாக்கில், தோலுக்கு வருவதைச் சொல்லச் சொற்களுக்குப் பஞ்சமில்லை. சொறி, சிரங்கு, படை, பத்து, தேமல், மங்கு, கரப்பான், அக்கி. "ஊறுதா, எரியுதா, தோல் உதிருதா?" என்று கேட்டுத்தான் பெயர் சொல்கிறார்கள். கண்ணும் விரலும் சேர்ந்து உருவாக்கிய சொல்தொகுதி இது. ஒரே ஒரு நோய்க்கு மட்டும் இந்த விசாரிப்பு கிடையாது. 'பெரிய வியாதி' என்று குரலைத் தாழ்த்துவதோடு பேச்சு நின்றுவிடும். இந்த மௌனத்துக்கு ஒரு வரலாறு உண்டு. சொற்களின் வரலாறு அது. அதனாலேயே அதிகாரத்தின் வரலாறும்கூட.

சித்த, ஆயுர்வேத நூல்கள் குட்டம் 18 என்கின்றன. பலவகைத் தோல் நோய்களைப் போட்டுவைத்த கூடைச்சொல் அது. வெண்குட்டமும் அதற்குள் கிடந்தது. 1873இல் நார்வேயின் பெர்கன் நகரில் ஹான்சன் ஒரு கிருமியைக் கண்டார். பழைய கூடைச்சொல்லின் மீது இந்த ஒற்றைக் கிருமியின் அர்த்தம் ஏற்றப்பட்டது. விளைவு என்ன? நிறமிச் செல்கள் அழிவதால் வரும் வெண்படைக்குக் கிருமியும் இல்லை, தொற்றும் இல்லை. ஆனாலும் 'வெண்குஷ்டம்' என்ற பெயராலேயே அது தொற்றுநோயாகிவிட்டது. 'வெண்புள்ளி' என்று சொல்லுங்கள் எனக் கேட்பவர்களின் கோரிக்கையை நாசூக்குப் பிரச்சினையாகப் பார்க்கக் கூடாது. ஒரு கல்யாணம் நடப்பதும் நின்றுபோவதும் அந்தச் சொல்லில் இருக்கிறது.

ஃபூக்கோ 1961இல் பைத்தியத்தின் வரலாற்றை எழுதும்போது, ஐரோப்பாவில் குஷ்டம் மறைந்து காலியாகிப்போன விடுதிகளிலிருந்து தொடங்குகிறார். 1975இல் எழுதிய தண்டனை பற்றிய நூலில், குஷ்டரோகியை ஊருக்கு வெளியே தள்ளும் அதிகாரத்தையும், பிளேக் ஊரைக் கட்டம் கட்டிக் கண்காணிக்கும் அதிகாரத்தையும் பிரித்துக் காட்டுகிறார். இங்கே காலனிய அரசு இரண்டையும் அடுத்தடுத்த ஆண்டுகளில் கொண்டுவந்தது: 1897இல் கொள்ளைநோய்ச் சட்டம், 1898இல் குஷ்டரோகிகள் சட்டம். பின்னது, புண் தோன்றிவிட்ட நோயாளியையே குஷ்டரோகி என்று வரையறுத்தது. சட்டம் நடைமுறைக்கு வந்த பகுதிகளில், ஒருவர் பிச்சையெடுக்கும் குஷ்டரோகி என்று போலீஸ்காரர் கண்ணுக்குப் பட்டாலே போதும். வாரண்டு இல்லாமல் பிடிக்கலாம். வீடும் வருமானமும் உள்ள நோயாளி இந்தப் பிடிக்குள் வரமாட்டார். ஆக, சட்டம் தேடியது கிருமியை அல்ல, வறுமையை. அது நீக்கப்பட்டது 2016இல்தான்.

பிறகு வடமொழிச் சொல்லை விலக்கி, 'தொழுநோய்' என்ற தமிழ்ச் சொல்லைப் பாடநூலும் அரசும் ஏற்றன. ஆனால் தனித்தமிழாக இருப்பதாலேயே ஒரு சொல் கறையற்றதாகிவிடுமா? நாலடியாரைத் திறந்து பாருங்கள். முற்பிறவியில் நண்டின் காலை முறித்துத் தின்ற வினையால் விரல் அழுகித் தொழுநோய் வரும் என்கிறது ஒரு பாட்டு. சமண அறம் அது. நண்டு பிடித்துத் தின்றவர்கள் யார் என்று நாம் கேட்டாக வேண்டும். வயலில் உழைத்து, வரப்பில் கிடைத்ததைத் தின்ற சனங்கள்தானே? நோய்க்கு வினையைக் காரணமாக்கும்போது, அவர்கள் சாப்பாடே குற்றப்பத்திரிகையாகிறது.

அந்தப் பாட்டின் 'அழுகல்' மருத்துவ ரீதியாகவும் தவறு. 1940களின் இறுதியிலிருந்து வேலூரில் பால் பிராண்ட் செய்த வேலை இதைத் தெளிவாக்கியது. விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை. கிருமி நரம்பைத் தாக்குகிறது. உணர்வு செத்த கை சுடுசட்டியைப் பிடிக்கிறது, கால் முள்ளை மிதிக்கிறது, காயம் தெரியாமல் புரையோடுகிறது. அதே 1940களில் செங்கல்பட்டில் ராபர்ட் காக்ரேன் சல்ஃபோன் மருந்தைக் கொடுத்துக்கொண்டிருந்தார். 1955இன் இந்துத் திருமணச் சட்டமோ கொடிய, தீராத குஷ்டத்தை விவாகரத்துக்குக் காரணமாக எழுதி வைத்தது. 1982இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்தைப் பரிந்துரைத்து நோய் முழுசாகத் தீரும் என்றான பின்னும் அந்த வாசகம் அசையவில்லை. 2019இல்தான் ஐந்து சட்டங்களிலிருந்து அது எடுக்கப்பட்டது. மருந்து வந்த பிறகும் 37 வருசம் 'தீராத' என்ற சொல் சட்டத்தில் உயிரோடு இருந்தது.

இன்று சுகாதாரப் பிரச்சாரம் என்ன சொல்கிறது? 'உணர்ச்சியற்ற, சிவந்த அல்லது வெளிறிய தேமல்.' சுற்றிச் சுற்றிக் கடைசியில் ஊர்ச் சொல்லிடம்தான் வந்து நிற்கிறார்கள். இதிலும் அந்தச் 'சிவந்த' என்பதைக் கவனியுங்கள். 1808இல் லண்டனில் ராபர்ட் வில்லன் வகுத்த வழியில் வளர்ந்த தோல் மருத்துவம் வெள்ளைத் தோலை அளவுகோலாகக் கொண்டது. வெயிலில் கறுத்த முதுகில் சிவப்பு அப்படியே தெரியாது. செம்பு நிறமாகத் தெரியலாம், மினுமினுக்கலாம், சுற்றியுள்ள தோலைவிடச் சற்றே வெளுத்திருக்கலாம்.

அதனால் கண்ணைவிட விரலுக்கே இங்கு வேலை அதிகம். ஊறாத, எரியாத, வலிக்காத தேமலை யாரும் சட்டை செய்வதில்லை. ஊர் கேட்கும் கேள்விகளோடு இன்னொன்றையும் சேர்த்தாக வேண்டும்: "தொட்டாத் தெரியுதா?" தெரியவில்லை என்றால் அரசு மருத்துவமனையில் 6 மாதமோ 12 மாதமோ மருந்து, காசில்லாமல். நரம்பு போகும் முன் போனால் கை தப்பும். 'பெரிய வியாதி' என்ற சொல்லுக்குப் பயந்து தேமலை மறைப்பவருக்கோ, கிருமி செய்ய வேண்டிய வேலையில் பாதியை அந்தச் சொல்லே முடித்துவிடுகிறது.