தலமரங்களும் இலத்தீன் பெயர்களும்

திருக்கோயில்களில் தலமரத்தின் அடியில் பெயர்ப்பலகை நாட்டுதல் இந்நாளில் காணப்பெறும் நல்வழக்கம். அதன்கண் தமிழ்ப் பெயரோடு தாவர நூலார் வழங்கும் இலத்தீன் பெயரையும் பொறிப்பர். பட்ட மரத்திற்கு ஈடாகக் கன்று தேடும் திருப்பணியாளர் அப்பெயரையே துணைக்கொள்வர் ஆதலின், அதனை வாக்கியத்துள் அமைக்கும் முறையை அன்பர்கள் அறிதல் வேண்டும்.

சுவீடன் நாட்டு லின்னேயசு 1753ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருநூலிலே செடிகொடிகளுக்கு இருசொற் பெயர்களை முறைப்பட வழங்கினார். அதற்கு முன் ஒரு செடியின் பெயரே ஒரு வாக்கிய அளவு நீண்டு கிடந்தது. முதற்சொல் பேரினத்தையும், அடுத்தது சிற்றினத்தையும் குறிக்கும்.

வில்வத்தை நோக்குவோம். அதற்கு லின்னேயசு இட்ட பெயர் க்ரதேவா மார்மெலோஸ். 1800இல் போர்த்துகேசிய அறிஞர் கொரேயா அதனைப் பிரித்து ஏக்லே என்னும் புதுப்பேரினத்துள் வைத்தார். ஏக்லே என்பாள் கிரேக்கர் புராணத்தில் பொற்கனி காத்த கன்னியருள் ஒருத்தி. மார்மெலோஸ் என்பதோ குயின்ஸ் என்னும் மேல்நாட்டுக் கனிக்குப் போர்த்துகேசியர் இட்ட பெயரின் வழிவந்தது. சிவபிரானுக்குரிய பத்திரத்தின் பெயரில் இத்துணைத் தேயத்தார் கூடியிருத்தல் வியப்பன்றோ! ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை பன்னிரு தொகுதிகளாக வெளிவந்த மலையாளத் தாவர நூலில் இம்மரம் கோவளம் என்ற பெயரில் உள்ளது. நம் யாப்பிலக்கண வாய்பாட்டில் பயின்ற கூவிளமே அது.

தில்லையின் பெயர் எக்ஸ்கோகேரியா அகல்லோச்சா. குருடாக்குதல் என்னும் இலத்தீன் சொல்லினின்று முதற்சொல் பிறந்தது. இம்மரத்தின் பால் கண்ணிற் பட்டால் பெருந்தீங்கு விளையும். பிச்சாவரத்து உப்பங்கழிகளில் இன்றும் இதனைக் காணலாம். அகல்லோச்சா என்பது அகிலைக் குறித்த கிரேக்கச் சொல்லின் வழியது. தில்லை ஆமணக்கின் குடும்பத்தது; அகிலோ வேறு குடும்பத்தது. எனவே பெயரின் பொருளை மட்டும் பார்த்து மரத்தைத் துணிதல் கூடாது.

விருத்தாசலத்துத் தலமரமாகிய வன்னியைப் பழைய நூல்கள் ப்ரொசோபிஸ் ஸ்பிசிஜெரா என்னும். இன்று வழங்குவது ப்ரொசோபிஸ் சினரேரியா. சினரேரியா எனின் சாம்பல் நிறத்தது என்பது பொருள்; திருநீற்றன்பர்க்கு இஃது உவப்பாகும். ஆயின் அமெரிக்காவினின்று வந்த சீமைக் கருவேலும் நெடுங்காலம் ப்ரொசோபிஸ் என்னும் அதே பேரினத்துள் வைத்து எண்ணப்பட்டது. பலகையில் ப்ரொசோபிஸ் என்று மட்டும் எழுதி நிறுத்தினால், வன்னி நின்ற இடத்தில் சீமைக் கருவேல் வந்து நிற்பினும் பலகை பொய்யாகாது! இரண்டாம் சொல்லை ஒருபோதும் விடலாகாது.

இனி எழுதும் முறை. உரோமன் எழுத்தாயின் முதற்சொல்லின் முதலெழுத்து மட்டும் பெரிய எழுத்து. சிற்றினச் சொல் முழுவதும் சிறிய எழுத்து. இரண்டும் சாய்ந்த எழுத்தில் அமையும். அதே கட்டுரையில் மீண்டும் வரின் பேரினத்தை முதலெழுத்தாற் சுருக்கலாம். தனித்து நிற்கும் பலகையிற் சுருக்கலாகாது. தமிழெழுத்தில் பெரியது சிறியது என்னும் வேறுபாடு இல்லை. ஆதலின் இரு சொற்களையும் இடைவிட்டு எழுதினால் அமையும். வேற்றுமை உருபைத் தமிழ்ப் பெயரோடு சேர்த்தலே ஓசைக்கு இனிது. "ஏக்லே மார்மெலோஸ் எனப்படும் வில்வத்தின் தளிரால் அருச்சித்தனர்" என்க. "ஏக்லே மார்மெலோஸின் தளிரால்" என்பது செவிக்கு ஒவ்வாது.