73-ஆவது கட்டம்

எழுபதுகளில் ஒரு கணினி மையத்தின் ஆலோசனை மேஜையில் உட்கார்ந்திருந்தேன். எந்தக் கேள்வியை எடுப்பது, எதைத் திருப்பி அனுப்புவது என்பதே பாதி வேலை. ஃபோர்ட்ரான் கம்பைலர் பிழை காட்டினால் எங்களிடம் வரலாம். பிழை எதுவும் காட்டாமல் விடை மட்டும் தப்பென்றால், "அது உங்கள் கணக்கு, கைடைப் பாருங்கள்" என்போம். வரிசை அவ்வளவு நீளம்.

அப்படி ஓர் ஆராய்ச்சி மாணவரை இரண்டு தடவை அனுப்பிவிட்டேன். மூன்றாம் தடவை அவர் கார்டுக் கட்டை மேஜைமேல் வைத்துவிட்டுப் பேசாமல் நின்றார். புரட்டினேன். ஒரு கார்டில் 1000-இன் கடைசிப் பூஜ்யம் 73-ஆவது கட்டத்தில் விழுந்திருந்தது.

கார்டில் 80 கட்டம். ஆனால் ஃபோர்ட்ரான் வாக்கியம் 72-உடன் முடிந்துவிடும். மிச்ச எட்டைக் கம்பைலர் பார்க்காது. 1957-இல் ஃபோர்ட்ரான் முதலில் வந்தது ஐபிஎம் 704-க்கு. அதன் கார்டு ரீடர் ஒரு வரிசையை 36 பிட் சொற்கள் இரண்டாக வாங்கும். அதனால்தான் 72. அந்த வால்வு மெஷின் போய்விட்டது, வழக்கம் மட்டும் எங்கள் ஊர்வரை வந்து சேர்ந்தது. 1000 என்பது 100 ஆனாலும் இலக்கணம் சரிதானே, கம்பைலர் ஏன் வாய் திறக்கப் போகிறது?

கேள்வி முழுக்க எங்களுடையது. அவருக்குப் போனது மூன்று வாரம், கைடிடம் திட்டு வேறு. அதன்பின் விடை தப்பென்று யார் வந்தாலும் முதலில் கார்டுகளை வாங்கிப் பார்த்தேன். வரிசை இன்னும் நீண்டது. மேலதிகாரியிடம் நானும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.